துளைக்குழற் கைத்துப்பாக்கி: ரவைத் தெரிவும் துப்புரவும்

துப்பாக்கி என்னுஞ் சொல் நம் குடாநாட்டு மக்களின் செவியில் இனிதாய் வீழ்வதொன்றன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் அதன் ஓசையைக் கேளாத ஊர் இங்கு இல்லை எனலாம். ஆயினும் ஒரு கருவியின் இயல்பை அறிதல் வேறு, அக்கருவிமேற் பற்றுக் கொள்ளுதல் வேறு. பௌதிகமும் இரசாயனமும் பயின்ற நாம் எப்பொருளையும் அதன் இயல்பு நோக்கி ஆராய்தற்குக் கூச வேண்டியதில்லை. அன்றியும், கைத்துப்பாக்கி சுடுதல் இன்று உலகின் பல பாகங்களிலும் ஒழுங்கும் கட்டுப்பாடும் மிக்க விளையாட்டாக நிலவுகின்றது. கடல்கடந்து வாழும் தமிழருட் சிலரும் அதிற் பயில்கின்றனர். அவ்விளையாட்டிற் பயன்படும் ஒருவகைக் குழலைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

குழலின் நுனியருகே மேற்புறத்திற் சில துளைகளை இடுவர். அன்றேல், வாயுவை மேனோக்கித் திருப்பும் அறைகள் கொண்ட உலோகத்துண்டொன்றைக் குழல்வாயிற் பொருத்துவர். முன்னையதை யாம் துளைக்குழல் என்போம். பின்னையது கொம்பென்சேற்றர் எனப்படும். அதனை ஈடுசெய்முகப்பு என்று வழங்குவோம். துளையில்லாக் குழலை உடையவர் எந்த ரவையைச் சுடுவது என்பதையும் எப்படித் துடைப்பது என்பதையும் தனித்தனியே எண்ணலாம். துளையிட்ட பின்னரோ அவ்விரண்டும் ஒன்றாகி விடுகின்றன. காலையிற் சுட்ட சன்னத்தின் ஈயமே மாலையிற் கையிலும் துணியிலும் படிந்து இல்லம் வந்து சேர்கின்றது. இவ்வுண்மையை வலியுறுத்தலே எமது நோக்கம்.

துளை எதன் பொருட்டு?

சன்னம் முன்னே செல்லுங்கால் துப்பாக்கி பின்னே தள்ளப்படுதல் நியூற்றனின் மூன்றாம் விதியால் நாம் அறிந்ததே. ஆயின் கைத்துப்பாக்கி பின்னே தள்ளப்படுவதோடு அமையாது, அதன் வாயும் மேலெழுகின்றது. இஃது ஏன்? நம் தோட்டங்களிற் கிணற்றுக்கு நாட்டிய துலாவை நினைவு கூர்க. ஆடுகாலை ஊன்றுநிலையாகக் கொண்டு துலா ஏறி இறங்குவது போன்று, துப்பாக்கியும் மணிக்கட்டை ஊன்றுநிலையாகக் கொண்டு சுழல்கின்றது. குழல் கைக்கு மேலே அமைந்திருத்தலாற் பின்னோக்கிய விசை ஊன்றுநிலைக்கு மேலே தாக்குகின்றது. அதனால் நுனி எழுகின்றது. அடுத்த இலக்கைக் குறிவைக்க வேண்டியவர் எழுந்த நுனியை மீண்டும் இறக்குதற்குக் காலம் செலவிட வேண்டியவராகின்றார்.

திருவிழாக்களில் வாணம் விண்ணில் ஏறுவதைக் காண்கின்றோம். வாயு கீழ்நோக்கிப் பாய வாணம் மேலே செல்கின்றது. இதே விதியைத் தலைகீழாய்ப் பயன்படுத்துவதே துளைக்குழல். சன்னத்தைத் தள்ளிய வாயுவின் ஒரு பகுதி துளைவழியே மேனோக்கிப் பாய்கின்றது. அதன் மறுதாக்கத்தாற் குழல்வாய் கீழ்நோக்கி அழுத்தப்படுகின்றது. ஈடுசெய்முகப்பினுள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் வாயுவின் தாக்குதலை ஏற்றுத் துப்பாக்கியைச் சிறிது முன்னோக்கியும் இழுக்கின்றன. 1920களில் அமெரிக்கப் படையதிகாரி றிச்சேட் கற்ஸ் அமைத்த ஈடுசெய்முகப்பு தொம்சன் துப்பாக்கியிற் பொருத்தப்பட்டுப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் மின்பொறியினால் உலோகத்தை அரித்து, குழலின் உட்புறத்திற் பிசிறு எழாதவாறு துளையிடும் முறையும் வழக்கில் வந்தது.

ஒலிம்பிக் அரங்கில்

இதன் வரலாற்றை ஒலிம்பிக் விளையாட்டின் விரைவுச் சுடுதற் போட்டியிலே தெளிவாய்க் காணலாம். 25 மீற்றர் தூரத்தில் ஐந்து இலக்குகள் நிற்கும். அவ்வைந்தையும் 8 செக்கனிலும், பின்னர் 6 செக்கனிலும், பின்னர் 4 செக்கனிலும் ஒவ்வொரு சன்னத்தாற் சுடல் வேண்டும். நான்கு செக்கனில் ஐந்து இலக்கு எனின், நுனி எழுவதைத் தடுக்கும் எந்த வழியையும் வீரர் நாடுதல் இயல்பே. 1956ஆம் ஆண்டு மெல்பேண் நகரிற் சோவியத் வீரர் கைக்கொண்ட துப்பாக்கி தலைகீழாய் அமைக்கப்பட்டிருந்தது. குழல் கையின் மட்டத்திற்கே தாழ்ந்தமையால் துலாவின் சுழற்சியே பெரிதும் அற்றுப் போயிற்று. அவ்வமைப்பு விரைவிற் தடைசெய்யப்பட்டது.

அதன்பின் மென்மையான .22 குறுரவையும் துளையிட்ட குழலும் இப்போட்டியில் நெடுங்காலம் ஆட்சி செய்தன. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜேர்மனியின் றால்வ் சூமன் தமது மூன்றாவது தங்கத்தைப் பெற்றதோடு அக்காலம் முடிவுற்றது. 2005 முதல் விதி மாறிற்று. குறுரவை விலக்கப்பட்டது, வலிமை கூடிய.22 நெடுரவையே விதிக்கப்பட்டது. துளைக்குழலும் ஈடுசெய்முகப்பும் 25 மீற்றர்ப் போட்டிகளில் இடமிழந்தன. இப்புதிய விதியின் கீழேதான் 2012ஆம் ஆண்டு இலண்டனில் இந்திய இராணுவத்தைச் சேர்ந்த விஜயகுமார், இறுதிச் சுற்றின் 40 சுடுகைகளில் 30ஐ இலக்கிற் சேர்த்து வெள்ளிப் பதக்கம் வென்றார். தங்கம் பெற்ற கியூபா நாட்டு லெயுறிஸ் பூப்போ 34 பெற்றார். துளையின் துணையின்றிக் கையும் மனமுமே நுனியை அடக்கிய வெற்றி அது.

ஆயின் துளைக்குழல் உலகை விட்டு நீங்கவில்லை. 1976இல் தோன்றிய சர்வதேச நடைமுறைச் சுடுதற் சம்மேளனம் தனது திறந்த பிரிவில் ஈடுசெய்முகப்பை அனுமதிக்கின்றது. 10 மீற்றர்க் காற்றுத் துப்பாக்கிகளின் நுனியிலும் காற்றைத் திருப்பும் துளைகள் உண்டு. எனவே இதனைப் பற்றிய அறிவு இன்றும் வேண்டப்படுவதே.

ரவையைத் தெரிதல்

ரவை என்பது நான்கு உறுப்புகளின் தொகுதி: வெற்றுறை, அதன் அடியிலுள்ள கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயிற் சன்னம். துளைக்குழலுக்கு ரவை தெரியுங்கால் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, துளைக்கு வேலை கொடுக்கப் போதிய வாயு உண்டா? மேற்கூறிய சம்மேளனம் சன்னத்தின் நிறையைக் கிரெயினிலும் வேகத்தைச் செக்கனுக்கு அடியிலும் கொண்டு பெருக்கி, 1000ஆல் வகுத்து வரும் எண்ணை ரவையின் வலிமை எனக் கொள்கின்றது. திறந்த பிரிவிற் பெருவலிமை வகைக்கு அது 160க்குக் குறையலாகாது. 230 கிரெயின் சன்னம் செக்கனுக்கு 700 அடி சென்றால் 161 வரும். 125 கிரெயின் சன்னம் 1300 அடி சென்றால் 162.5 வரும். சன்னத்தின் உந்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆயின் இலேசான சன்னத்தை அவ்வேகத்திற் செலுத்துதற்கு வெடிமருந்து மிகுதியும் வேண்டும். மருந்து மிகின் வாயு மிகும். மெல்ல எரியும் மருந்தாயிற் குழல்வாயில் எஞ்சும் அமுக்கமும் மிகும். ஆதலால் ஈடுசெய்முகப்புடையோர் பாரச் சன்னத்தை விடுத்து இலேசான விரைவுச் சன்னத்தை நாடுகின்றனர். மெதுவான ரவையை இட்டால் முகப்பு வெறும் பாரமாகவே தொங்கும். துளைக்குழலிலோ வாயு முன்னரே கசிவதாற் சன்னத்தின் வேகமுஞ் சற்றுக் குறையும். வலி குன்றிய ரவை அடுத்த ரவையை ஏற்றும் பொறியை முற்றாய்ப் பின்தள்ளாது இடைநடுவே நிற்றலும் உண்டு. இதற்கு மாற்றாகத் தாமே மருந்தைக் கூட்டி அடைக்க முனைதல் பெருந்தீங்கு. துப்பாக்கி செய்தவர் நூலில் விதித்த எல்லையைக் கடத்தலாகாது.

இரண்டாவது, சன்னத்தின் மேனி எத்தகையது? காரீயம் மென்மையானது. வெறுங் காரீயச் சன்னம் துளையின் விளிம்பைக் கடக்குங்கால், தேங்காய் துருவுபலகையிற் பட்டாற் போலச் சீவப்படுகின்றது. அச்சீவல் துளைவழியே சுடுவோர் முகத்தை நோக்கி எழும். எஞ்சியது துளையில் அடையும். மெல்லிய செப்பு முலாம் பூசிய சன்னத்தின் முலாமும் விளிம்பிற் கிழிபடலாம். தடித்த செப்புக் கவசமிட்ட சன்னமே துளைக்குழலுக்கு ஏற்றது. .22 ரவையின் சன்னம் பெரும்பாலும் மெழுகு பூசிய வெறுங் காரீயமே. அதனைத் துளைக்குழலிற் சுடுவோர் மெழுகும் ஈயமுங் கலந்த பசை விரைவிற் சேரும் என அறிந்து, அடிக்கடி துடைத்தற்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, சன்னத்தின் அடி மூடியதா, திறந்ததா? இதனைப் பலர் எண்ணுவதில்லை. முழுக்கவசம் எனப் பெயர் பெற்ற சாதாரண சன்னத்தின் கவசம் நுனியிலிருந்து அடிநோக்கி இழுக்கப்பட்டது. அடியிற் காரீயம் திறந்தே கிடக்கும். எரியும் வாயு நேரே அதன்மேற் படுதலால் ஈயத்தின் ஒரு சிறுபகுதி உருகி ஆவியாகி, முகப்பின் குளிர்ந்த சுவரிற் படிகின்றது. கவசத்தை அடியிலிருந்து இழுத்து நுனியைத் திறந்துவிட்ட சன்னத்திலும், அடியையும் மூடிய சன்னத்திலும் இப்படிவு மிகக் குறைவு. விலை சற்றுக் கூடினும், துப்புரவின் உழைப்பையும் நஞ்சையும் குறைத்தலால் ஈற்றில் அதுவே இலாபம்.

நம் நாட்டிற்குச் சிறப்பாய்ப் பொருந்தும் ஓர் எச்சரிக்கையையும் இங்கே கூறல் வேண்டும். எங்கிருந்து வந்ததென்று அறியாத ரவையை எக்காரணத்தாலும் கையாளலாகாது. போர் முடிந்த பின்னரும் முகமாலை முதலிய இடங்களிற் பல்லாண்டுகளாக வெடிபொருள் அகற்றும் பணி நிகழ்ந்தமையை யாவரும் அறிவர். தோட்டங் கொத்துமிடத்திலோ பனங்காணியிலோ பழைய ரவை தென்படின், அதைத் தொடாது உரியவர்க்கு அறிவித்தலே அறிவுடைமை. அன்றியும், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையில் உத்தரவின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டங்களால் ரவைக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் விலக்கப்பட்டன. கனடாவில் 2022ஆம் ஆண்டு ஒற்றோபர் 21 முதல் அவற்றின் விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டன. அவ்வந்நாட்டில் வாழ்வோர் அவ்வந்நாட்டுச் சட்டத்தை முதலிற் கேட்டறிக.

துப்புரவு செய்யும் முறை

முதற்கண் ரவைக்கூட்டைக் கழற்றுக. பின்னர் ரவையறையைத் திறந்து கண்ணாற் பார்த்து, விரலாலுந் தடவி, வெறுமையை உறுதி செய்க. துப்புரவு நிகழும் அறையில் ரவை ஒன்றேனும் இருத்தலாகாது. சுட்ட அன்றே துடைத்தல் நன்று. ஆண்டுக்கொருமுறை ஆயுதபூசைக்குத் துடைப்பதோடு அமைதல் இக்கருவிக்குப் போதாது.

குழலை வேறாக்கக்கூடிய துப்பாக்கியாயின் வேறாக்குக. துப்புரவுக்கோலைப் பின்புறத்தால் இட்டு முன்புறத்தால் எடுத்தலே முறை. கரைப்பானில் நனைத்த துணித்துண்டைச் செலுத்திச் சிறிது நேரம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையாற் தேய்த்து, உலர்ந்த துணியாற் துடைக்க. துளையுள்ள இடத்திற் தூரிகையை இடைநடுவே திருப்பி இழுத்தலாகாது. தூரிகையின் மயிரும் துணியின் நூலும் துளைவிளிம்பிற் சிக்கும். முன்புறம் வெளிவந்த துணியைக் கழற்றிய பின்னரே கோலை மீட்க வேண்டும்.

அடுத்து துளைகள். அவற்றிற் சேர்வது காபனும் ஈயமும் கலந்த கலவை. பல சுடுகைகளின் சூட்டிலும் அமுக்கத்திலும் அது சீமெந்து போல இறுகும். கரைப்பானை ஊற்றிப் பலமணி நேரம் ஊறவிட்டு, பித்தளை அல்லது மரக் குச்சியாற் சுரண்டுதல் வேண்டும். எஃகு ஊசியைத் தொடலாகாது. பழைய பீரங்கிகளில் மருந்துக்குத் தீயிடும் சிறுதுளையே முதலில் அரிந்து அகன்றது. அதனைச் செப்புக் குழாய் இட்டுப் புதுப்பித்தனர். வெந்த வாயு விரைந்து செல்லும் துளைக்கு விளிம்பே உயிர்நிலை. வாயு மெல்ல அரிப்பதை நாம் தடுக்க இயலாது. எஃகினாற் கீறி அதனை விரைவுபடுத்தாதிருத்தல் இயலும்.

ஈடுசெய்முகப்பினுள் இன்னுமொரு நோக்கம் வேண்டும். சன்னம் செல்லும் வழிக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே உள்ள வெளி மிகச் சிறிது. படிவு வளர்ந்து அவ்வெளியை எட்டின், வாயு ஒருபுறமாய்த் தள்ள இலக்குத் தவறும். சன்னம் சுவரைத் தொடின் முகப்பே சிதறலாம். முகப்பின் திருகு தளர்ந்து சாய்ந்தாலும் இக்கேடே நிகழும். எனவே படிவையும் திருகையும் ஒருங்கே ஆராய்க.

கேப்பிலிருந்து வரும் உப்பையும் மறத்தலாகாது. பழைய இராணுவ ரவைகள் பலவற்றின் கேப்பிற் பொற்றாசியங் குளோரேற்று உண்டு. அது வெடித்தபின் பொற்றாசியங் குளோரைட்டாய்க் குழலில் தங்கும். மாரிகாலத்தில் ஆனையிறவு உப்பு சாடியிற் கசிவதை நம் இல்லத்தரசிகள் அறிவர். அஃதே போன்று இவ்வுப்பும் காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் தின்னும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, கொதிநீரே கரைக்கும். ஆகவே அத்தகைய ரவை சுட்ட குழலைக் கொதிநீரிற் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே எண்ணெய் இடுதல் முறை. நாற்புறமும் உப்புக் காற்று வீசும் நம் நிலத்தில் இதனை ஒருநாள் தாழ்த்தினாலும் துரு தோன்றும்.

எண்ணெயிலும் தெரிவு வேண்டும். நல்லெண்ணெய் நாளடைவிற் காற்றுப் பட்டுப் பிசினாகும். தேங்காயெண்ணெய் குளிரில் உறையும். இரண்டும் உணவுக்கும் விளக்குக்கும் ஆகுமேயன்றி இக்கருவிக்கு ஆகா. மெல்லிய கனிப்பொருள் எண்ணெயைச் சிறிதளவே பூசி, துளைகளில் நின்றதை முற்றாய்த் துடைத்து விடுக. எஞ்சிய எண்ணெய் அடுத்த சுடுகையில் முகத்திற் தெறிக்கும். துளைக்குழலைச் சுடுவோர் கண்ணாடி அணியாதிருத்தல் ஒருபோதுந் தகாது. இடுப்போடு அணைத்துச் சுடுவாராயின், மேனோக்கிய வாயு நேரே அவர் முகத்துக்கு வருமாதலால் அதனையும் விலக்குக.

ஈயமும் நம் கிணறும்

இனி யாவற்றினும் முதன்மையானதைக் கூறுவோம். தமிழில் ஈயம் என்னும் பெயர் இரு உலோகங்களைச் சுட்டும். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. சன்னத்துக்கும் மீன்வலைக்கும் ஆகும் காரீயம் வேறு. காரீயம் நஞ்சு. குழந்தையின் உடலில் இன்ன அளவு ஈயம் இருப்பிற் கேடில்லை என்று கூறத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். போன அறிவு மீள்வதில்லை.

படிவை விரைவிற் போக்க விரும்புவோர் வினாகிரியையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் கலந்து அதில் முகப்பை ஊறவிடுவர். ஈயம் உண்மையாகவே கரைந்துவிடும்; வேலையும் எளிதாய் முடியும். ஆயின் கரைந்த ஈயம் எங்கே சென்றது? அது ஈய அசற்றேற்றாய் அந்நீரிலேயே நிற்கின்றது. திண்ம ஈயத்தைவிட இக்கரைசல் உடலில் எளிதிற் சேரும், சுவையோ இனிப்பு, பண்டு ஈயச் சர்க்கரை என்றே அதனை அழைத்தனர். நிறமற்ற, இனிய நஞ்சினை வீட்டுக் கோப்பையில் ஆக்குதலினும் அறியாமை வேறில்லை. அக்கலவை எஃகையும் அரிக்க வல்லது. குச்சியும் தூரிகையும் பொறுமையுமே சிறந்தவை.

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கிய மழைநீரே நம் கிணற்று நீர். மேலே ஊற்றியது கீழே இறங்குதற்கு அங்கே தடை குறைவு. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கவலை இன்னும் மறக்கப்படவில்லை. ஆகவே இங்கே எத்தொழிலிலாயினும் ஈயங் கையாள்வோர், அழுக்குத் துணியையும் கரைப்பானையும் கோடியில் எறிதலோ கிணற்றடியிற் கழுவுதலோ செய்யாது, மூடிய கலத்திற் சேர்த்து உரிய முறையில் ஒப்படைத்தல் வேண்டும். துப்புரவைக் காற்றோட்டமான வெளியிடத்திற் கையுறையோடு செய்க. உண்ணும் மேசையிற் செய்யற்க. முடிந்தபின் குளிர்நீராலும் சவர்க்காரத்தாலும் கையும் முகமும் கழுவுக. உடுத்த ஆடையை வேறாகத் தோய்க்க. அதன்பின்னரே குழந்தையைத் தூக்குக.

முடிவாக ஒன்று கூறுவோம். துளை தருவது இலவசமான நலமன்று. நுனியைத் தாழ்த்துகின்ற அதே வாயு, ஈயத்தையும் கரியையும் சுமந்து வந்து கருவியிலும் கையிலும் இடுகின்றது. அதனை ஏற்போர், மூடிய அடியுள்ள சன்னம், பொறுமையான துப்புரவு, அழுக்கை அடக்கும் ஒழுங்கு என்னும் மூன்றையும் சேர்த்தே ஏற்றல் வேண்டும். அதற்கு மனமில்லாதார்க்குத் துளையில்லாக் குழலே போதும். ஹங்கேரி நாட்டு காறொலி தக்காச் 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்தார்; இடக்கையாற் பயின்று 1948இலும் 1952இலும் விரைவுச் சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். கருவி கைக்குத் துணையாகலாம். பயிற்சியின் இடத்தை அது நிரப்பாது. அறிவோடு கையாள்வார்க்கே கருவி பயன் தரும் என்பதை நம் கல்லூரி வளர்த்த மாணவர் யாவரும் நன்கு உணர்வர் என்பது எமது துணிபு.